வன்னி வெயிலில் போர்ட் வைனும் சுருட்டும்

கிளிநொச்சிக்கு அருகில் ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய மச்சான், இரண்டு போத்தல் போர்ட் வைனும் (ஒன்று ரூபி, மற்றது பத்து ஆண்டு டோனி) பத்துச் சுருட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருக்கிறார். மச்சானுடன் சேர்த்து ஆறு பேர் ஒரு மாலையில் கூடியிருக்கிறார்கள். ரூபிப் போத்தலைத் திறந்து, சாராயத்துக்குச் செய்வதைப் போலவே ஐஸும் சோடாவும் கலந்து குடித்ததில் அது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சுருட்டைப் பீடியைப் போல நெஞ்சுக்குள் இழுத்த இருவருக்குத் தலை சுற்றி வாந்தி வந்திருக்கிறது. மச்சான் மட்டும் பிளம் பழம், சீடர் மரம், பதனிட்ட தோல் என்று மணங்களை அடுக்கிக்கொண்டிருக்க, மற்ற ஐவரும் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். "டோனிப் போத்தலும் நான்கு சுருட்டுகளும் மீதம் இருக்கின்றன. அடுத்த முறை இவற்றை எப்படி அனுபவிப்பது? அனுபவித்ததை ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் ஓர் உணவகத்தில் வைன் பரிமாறும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். என் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கொட்டிலில் சுருட்டுச் சுற்றி, பின்னர் 1950களில் காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்து வயல் செய்தவர். ஆகவே உங்கள் கேள்வியின் இரு பக்கங்களும் எனக்கு நெருக்கமானவை. எப்படிக் குடிப்பது என்பதை எவரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது என்ற இரண்டாம் பகுதியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன், அதற்குப் பின்னால் வருகிறேன்.

கள்ளையும் கருப்பநீரையும் அறிந்த வன்னியாருக்கு, போர்ட் போன்ற வலுவூட்டிய வைன், அதாவது சாராயம் சேர்த்த வைன், இன்னதென்று விளக்க அதிக நேரம் தேவையில்லை. பனம்பாளையிலிருந்து வடியும் சாறு முட்டியில் விழுந்த நேரத்திலிருந்தே மதுவங்கள் (ஈஸ்ட்) அதன் சீனியைத் தின்று மதுசாரமாக்கத் தொடங்குகின்றன. காலையில் இனிப்பாக இருந்தது பொழுது ஏற ஏற வெறியேறிக் கடைசியில் புளித்துப் போவது அதனால்தான். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் மதுவம் வேலை செய்ய முடியாமல், சீனி சீனியாகவே நின்று நமக்குக் கருப்பநீர் கிடைக்கிறது. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. போர்ட் வைனில் சுண்ணாம்பின் இடத்தில் நிற்பது திராட்சையிலிருந்து வடித்த, ஏறத்தாழ 77 சதவீத மதுசாரம் கொண்ட தெளிந்த சாராயம். திராட்சைச் சாறு பாதி நொதித்து, மதுசாரம் ஆறேழு சதவீதத்தைத் தொட்டதும், வழமையாக 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் என்ற அளவில் இச்சாராயத்தை ஊற்றுவார்கள். மதுவம் அத்துடன் மடிந்துவிடும். தின்னப்படாத சீனி இனிப்பாக நிற்கும். மொத்த மதுசாரம் 19 முதல் 22 சதவீதத்துக்குள் அமையும்.

அந்த 435-உம் 115-உம் சேர்ந்த 550 லீற்றர்தான் போர்ட் வைனுக்குரிய மரபான பீப்பாய் ஒன்றின் கொள்ளளவு. போர்த்துக்கேயர் அந்தக் கலத்தைப் பீப்பா என்றே சொல்கிறார்கள். நாம் மண்ணெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நாள்தோறும் பயன்படுத்தும் பீப்பாய் என்ற சொல், 1560-இல் மன்னாரையும் 1619-இல் யாழ்ப்பாண அரசையும் கைப்பற்றிய அந்த மக்களிடமிருந்து அலுமாரி, சாவி, மேசை ஆகியவற்றோடு நமக்கு வந்தது. இந்த வைன் போர்த்துக்கலின் வடக்கே டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டுமே விளைவது. 1756-இலேயே அந்நாட்டு அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்டவர், அப்பகுதிக்கு எல்லை வகுத்து, அதற்குள் விளைவதே போர்ட் என்று சட்டம் செய்தார்.

நீங்கள் சோடாவில் கரைத்துவிட்ட ரூபி, பெரிய கலங்களில் காற்று அதிகம் படாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் இருந்து, சிவப்பு நிறமும் பழச்சுவையும் மாறாமல் போத்தலுக்குள் வருவது. அதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை, அதற்காக வருந்த வேண்டாம். மீதம் இருக்கும் டோனிதான் கவனத்துக்குரியது. அது மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் கிடந்து, மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்லக் காற்றுப்பட்டு, சிவப்பு மங்கிப் பழுப்பாகி, பழத்தின் சுவை குறைந்து பருப்பின் சுவையும் கருக்கிய சீனியின் சுவையும் ஏறியது. பத்து ஆண்டு என்ற குறிப்பு, பல வயது வைன்களைக் கலந்து எட்டிய ஒரு சுவைப்பண்பைச் சொல்கிறது. ஒவ்வொரு துளியும் சரியாகப் பத்து ஆண்டு இருந்தது என்று பொருள் கொள்ளக்கூடாது.

ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் என்ற ஊரில் செய்யப்படும் ஷெரி இதற்கு எதிர்முறையானது. அங்கே சாறு முழுவதும் நொதித்துச் சீனி தீர்ந்த பிறகே சாராயம் சேர்ப்பதால், பெரும்பாலான ஷெரி வகைகளில் இனிப்பே இராது. ஃபீனோ என்ற வெளிர் வகை, தன் மேற்பரப்பில் படரும் மதுவ ஆடையின் கீழ் வளர்வதால் காற்றுப்படாமல் இருக்கிறது. ஒலொரோசோ என்ற கபில நிற வகை அந்த ஆடையின்றிக் காற்றுப்பட்டு முதிர்கிறது. வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் பெட்ரோ ஹிமெனெஸ் பாணியைப் போலக் கெட்டியாகவும் தித்திப்பாகவும் இருக்கும். புதியவர்கள் ஃபீனோவில் தொடங்கினால் ஏமாந்துபோவார்கள் என்பது என் அனுபவம்.

ஆனால் வன்னியில் இருந்துகொண்டு நீங்கள் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அது மடெய்ரா. அத்திலாந்திக் கடலில் போர்த்துக்கலுக்குச் சொந்தமான ஒரு தீவின் வைன் அது. பழைய நாட்களில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன கப்பல்களின் அடித்தளத்தில், நிலநடுக்கோட்டு வெப்பத்தில் மாதக்கணக்காக வெந்து குலுங்கிய பீப்பாய்கள், கெட்டுப்போவதற்குப் பதிலாக மேலும் சுவையேறித் திரும்பி வந்தன. அதைக் கண்டவர்கள், போய்த் திரும்பிய வைன் என்றே அதற்குப் பெயர் சூட்டி விலை கூட்டி விற்றார்கள். இப்போது கப்பலில் ஏற்றுவதில்லை; சாதாரண வகையைத் தொட்டிகளில் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள், உயர்ந்த வகையை வெயில் தாக்கும் கூரையடி அறைகளில் ஆண்டுக்கணக்காக வைக்கிறார்கள். வெப்பத்தாலும் காற்றாலும் நேரக்கூடிய எல்லாம் அதற்கு முன்கூட்டியே நேர்ந்துவிட்டதால், திறந்த போத்தல்கூட மாதக்கணக்கில் கெடாது. மற்ற வைன்களுக்குப் பகையான நமது வெயில், இதற்குத் தாய்வீடு.

உங்கள் டோனிக்கு அந்த உறுதி இல்லை. திறக்கும்வரை வீட்டின் மிகக் குளிர்ந்த, இருண்ட மூலையில் நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்கு அருகிலுள்ள அலுமாரித் தட்டு வேண்டாம். பரிமாறும்போது 12 முதல் 16 பாகை அளவில் இருப்பது நல்லது. புத்தகங்களில் காணும் அறை வெப்பநிலை ஐரோப்பிய வீட்டு அறையினுடையது. சித்திரை மாதத்து வட்டக்கச்சி அறையில் ஊற்றினால் மதுசாரத்தின் காரம் மூக்கில் ஏறுமே தவிர வேறு மணம் எதுவும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுத்தால் போதும். சோளகக் காற்று வீசும் மாதங்களில், போத்தலில் ஈரச்சாக்கைச் சுற்றி மண்பானைக்கு அருகில் காற்றுப்படும்படி வைத்தாலும் வெம்மை கணிசமாக இறங்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த முறை பயன்தராது. ஐஸை வைனுக்குள் போட வேண்டாம்.

ஒருவருக்கு 60 மில்லிலீற்றர் போதும். இருபது சதவீத வைனில் அந்த அளவில் ஏறத்தாழ பத்துக் கிராம் மதுசாரம் இருக்கிறது. அதன் இனிப்பு ஏமாற்றக்கூடியது, வலிமையோ சாராயத்தினுடையதில் பாதிக்கு மேல் என்பதை மறக்கக்கூடாது. ஆறு பேருக்கு ஊற்றினாலும் 360 மில்லிலீற்றர்தான் ஆகும். போத்தலில் பாதிக்குமேல் மிஞ்சும். மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களுக்கு டோனி நன்றாகவே இருக்கும். ஒரே இரவில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத பானம் இது. இரண்டு கூடல்களுக்கு ஒரு போத்தல் என்று பழகுங்கள். வாய் குவிந்த சிறிய கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் நல்லது, இல்லையேல் தேத்தண்ணீர்க் கிளாசில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினாலும் மேலுள்ள வெற்றிடத்தில் மணம் தங்கும். தொட்டுக்கொள்ள வறுத்த மரமுந்திரிகைப் பருப்பைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

இனிச் சுருட்டு. ஆங்கிலேயர் இருபுறமும் வெட்டிய சுருட்டுக்குச் சொல்லும் செரூட் என்ற சொல், நமது சுருட்டிலிருந்தே அவர்களிடம் போனது. பீப்பாய் அங்கிருந்து வந்தது, சுருட்டு இங்கிருந்து போனது. ஆகவே இவை இரண்டின் முன்னாலும் உங்கள் நண்பர்கள் அந்நியர்களைப்போல உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அம்மப்பாவின் கொட்டிலில் தொழிலாளர்கள் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிப்பாராம். கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் வாசிப்பவர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் உண்டு என்று பிற்காலத்தில் அறிந்தபோது, கடல்கள் கடந்த அந்த இரு கொட்டில்களையும் ஒரே கூரையின் கீழ் காண்பதுபோல எனக்கு இருந்தது.

எங்கள் பகுதிப் புகையிலை புகையில் பதப்படுத்தப்படுவதால் வலிய கார மணம் கொண்டது. மச்சான் கொண்டுவந்தது நிழலான கொட்டகைகளில் காற்றில் உலர்த்தி, பின்னர் அடுக்கி வைத்து நொதிக்கவிட்ட இலை. அதில் மூன்று பகுதிகள் உண்டு: உள்ளே நீளவாட்டில் மடித்த நிரப்பிலை, அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, வெளியே அழகாகச் சுற்றிய மேலிலை. செடியின் உச்சியில் வெயிலை அதிகம் வாங்கிய இலைக்குக் காரமும், அடியிலுள்ள இலைக்கு எரியும் தன்மையும் மிகுதி. இவற்றை எந்த அளவில் சேர்க்கிறார்கள் என்பதில்தான் சுருட்டின் குணம் இருக்கிறது. மச்சான் அடுத்த முறை வரும்போது பெட்டிற் கொரோனா (petit corona) என்ற அளவில், 129 மில்லிமீற்றர் நீளமும் பதினேழு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்பும் உள்ளதைக் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும், புதியவருக்கு அதற்கு மேல் வேண்டாம்.

சாப்பிட்ட பிறகே பற்றவைக்க வேண்டும். மூடிய முனையில் இரண்டு மில்லிமீற்றர் மட்டும் கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கூடுதலாக வெட்டினால் மேலிலை அவிழும். தீக்குச்சியின் கந்தகம் எரிந்து தீரும்வரை பொறுத்து, சுவாலை சுருட்டைத் தொடாமல் சற்றுக் கீழே பிடித்து, சுற்றிச் சுற்றி விளிம்பு முழுவதும் சிவக்கவிட வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் போதும். அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும். புகையை வாய்க்குள் வைத்திருந்து வெளியே விடுங்கள், ஒருபோதும் நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். உங்கள் நண்பர்கள் இருவருக்கும் நேர்ந்தது நிக்கொட்டின் மிகுந்ததால் வந்த மயக்கம். அப்படி நேர்ந்தால் சுருட்டை வைத்துவிட்டுக் காற்றோட்டத்தில் அமர்ந்து சீனி கரைத்த தேத்தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளியும். ஒரே சுருட்டை வாய் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

உள்ளிழுக்காவிட்டால் தீங்கில்லை என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, ஆதலால் வாயின் தோல் வழியாகவே நிக்கொட்டின் இரத்தத்தில் கலக்கிறது. வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு, மதுவும் புகையிலையும் சேரும்போது அந்த ஆபத்து பன்மடங்காகிறது. எனவே ஆறு பேரில் புகைக்காதவர் எவரேனும் இருந்தால், தோழமைக்காக அவரைத் தொடங்கவைக்காதீர்கள். வைனையும் பருப்பையும் கொண்டே அவர் கூடலில் முழுப் பங்கு எடுக்கலாம். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு இவை இரண்டையும் விற்கக்கூடாது; வீட்டிலும் அந்த எல்லையைக் காப்பாற்றுங்கள். கசிப்பால் சீரழிந்த குடும்பங்கள் நமது கிராமங்களில் எத்தனை என்பது ஆசிரியராகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மாதம் ஒருமுறை, முற்றத்து வேப்பமரத்தின் கீழ், பிள்ளைகள் இல்லாத பொழுதில் என்று வரையறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மீதமுள்ள நான்கு சுருட்டுகளை உடனே கவனிக்க வேண்டும். சோளகத்தின் வறட்சியில் மேலிலை வெடிக்கும், மாரியில் ஊதிப் பூஞ்சணம் பிடிக்கும், 24 பாகைக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இலைக்குள் இருக்கக்கூடிய புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து ஊசித்துளைகள் விழும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொதி ஒன்றுடன் வைப்பதே நமது வெப்பத்துக்கு ஏற்றது. வண்டுக்கு அஞ்சினால் இரட்டைப் பையில் காற்றுப்புகாமல் கட்டி மூன்று நாட்கள் உறைபெட்டியில் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்ப்பகுதியில் வைத்து வெளியே எடுங்கள். அந்துருண்டை போட்ட அலுமாரியை மட்டும் தவிருங்கள். பெட்டிக்குள் ஈரப்பதமானி வைப்பதானால், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைச் சேறுபோல நனைத்து, மானியோடு பைக்குள் கட்டி எட்டு மணி நேரம் விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். அதற்கு ஆனையிறவுக் கல்லுப்பைக் காட்டிலும் சுத்திகரித்த தூள் உப்பே ஏற்றது. கல்லுப்பில் தங்கியிருக்கக்கூடிய மக்னீசியம் ஈரத்தை இழுத்துக் கணக்கைக் குறைத்துவிடும்.

டோனிக்கும் சுருட்டுக்கும் பொருத்தம் ஏன் என்றால், சாதாரண சிவப்பு வைனின் துவர்ப்பு புகையின் கசப்போடு மோதுகிறது, வலுவூட்டிய வைனின் இனிப்போ நாவில் படர்ந்து அக்கசப்பைத் தாங்குகிறது. ஆனாலும் முதலில் வைனைத் தனியே சுவையுங்கள். புகை பட்ட நாவுக்கு அதன் நுட்பம் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். உணவகத்தில் சேர்ந்த தொடக்கத்தில், பழைய மடெய்ராவையோ டோனியையோ முகரும்போதெல்லாம் எனக்கு வெந்தயம் வறுக்கும் மணம் வந்தது. அங்கிருந்தவர்கள் அக்ரூட் என்றும் டொஃபி என்றும் சொன்னதால், என் மூக்குத்தான் பிழை என்று எண்ணி, நானும் பார்த்தேயிராத அக்ரூட் பருப்பின் பெயரை ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளருக்குச் சொல்லிவந்தேன். பின்னர் ஒருநாள் வாசித்தபோதுதான் தெரிந்தது, மடெய்ராவும் ஷெரியும் டோனியும் முதிரும்போது உருவாகும் சோட்டலோன் என்ற சேர்மம்தான் வெந்தயத்தின் மணத்துக்கும் காரணம் என்று. அம்மாவின் அடுப்படியில் கற்ற மூக்கு சரியாகவே சொல்லியிருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கிய ஆண்டுகளுக்காக இன்றும் வருந்துகிறேன். உங்கள் நண்பர்களுக்கு அந்த வருத்தம் வரக்கூடாது.

ஆகவே மச்சானின் பிளம் பழத்தை எவரும் கடன் வாங்க வேண்டாம். ஊற்றியதும் இரண்டு நிமிடம் எவரும் பேசாமல் முகர்ந்து, ஒரு மிடறு அருந்தி, ஆளுக்கொரு தாளில் நினைவுக்கு வந்த முதல் பொருளை எழுதுங்கள். அதன் பிறகே வாசியுங்கள். முதலில் பேசுபவரின் சொல் மற்றவர்களின் நாவில் ஏறிவிடும் என்பதால்தான் இந்தத் தாள். நல்லது, திறம் என்பவை கணக்கில் சேராது. எதைப்போல, எங்கே, எவ்வளவு நேரம் என்பவையே சேரும். டோனியில் பனாட்டு, புளியம்பழத்தோல், காய்ச்சி இறக்கிய பனங்கட்டிப் பாகு, ஆடி மாதத்துக் காட்டுத்தேன், வெயிலில் வாடிய பாலைப்பழம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று உங்களில் ஒருவருக்கு நிச்சயம் வரும். ரூபி இன்னொரு போத்தல் கிடைத்தால் நாவற்பழத்தைத் தேடிப் பாருங்கள், தொண்டையில் நிற்கும் துவர்ப்பு உட்பட. சுருட்டில் வைக்கோற்போர், ஈரமண், நெல் அவிக்கும் புகை, மாட்டுப்பட்டி ஆகியவை வரக்கூடும். கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், கியூபச் சுருட்டைப் போற்றுகிறவர்களும் தொழுவத்து மணம் என்றே அதைப் பாராட்டுகிறார்கள். மச்சான் சொன்ன சீடர் மரம் வேறு எதுவுமல்ல, புதிய பென்சிலைச் சீவும்போது வகுப்பறையில் வரும் மணம்தான். அது உங்களுக்கே அவரைவிட அதிகம் பழக்கம்.

இருவரின் தாள்கள் ஒத்துப்போகாவிட்டால் எவரையும் திருத்தாதீர்கள். அது உனக்கு எங்கே வருகிறது என்று கேட்டு, அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு கிளாசை மீண்டும் முகர்ந்து பாருங்கள். ஒருவர் சொன்ன பனாட்டு மற்றவரின் மூக்கிலும் திடீரென்று வெளிப்படும் அந்த நொடியைத்தான் நான் பகிர்தல் என்கிறேன். மச்சானின் தாளையும் சேர்த்தே வாசியுங்கள். அவருடைய பிளம் பழமும் அவர் வாழும் ஊரில் உண்மையானதே.

அடுத்த விடுமுறைக்கு அவர் வரும்போது பத்து ஆண்டு மடெய்ரா ஒன்று கேளுங்கள், போத்தலில் புவால் என்று எழுதியிருக்க வேண்டும். நடுத்தர இனிப்புள்ள அது வெயிலுக்கு அஞ்சாது. திறந்த பிறகும் சமையலறைத் தட்டிலேயே வைத்து, மாதம் ஒருமுறை ஆறு பேரும் அதே போத்தலுக்குத் திரும்பலாம். எவருடைய தாளிலாவது வெந்தயம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.